தீ தொடாத பலகை

மெதுவா, மெதுவா ஒக்காரு தாயி. அந்தப் பை மேல சாஞ்சிராதே. உள்ள பலகை இருக்கு. ஒடஞ்சுதுன்னா எனக்கு வேற கெடையாது. இரு, எம் மடியில வச்சுக்கிடுதேன். சன்னலோரம் நான் இருந்துக்கிடுதேன், உனக்கு ஒண்ணும் இல்லையே? காத்து வந்தாத்தான் எனக்கு மூச்சு. ரெண்டு மாசமா ஒரு இருமலு. ஊதக்காத்துல்லா அடிக்கி, அதான். வேற ஒண்ணும் இல்ல.

டவுனுக்கா? காலேசா? நல்லா படி. நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன். இன்னைக்குத் திங்கக்கெழமைல்லா, மனு வாங்குவாவ. வாசல்ல மரத்தடியில மனு எழுதுறவன் இருப்பானாம், அவன்கிட்ட சொன்னா அவனே எழுதித் தருவானாம். யார் மேல மனுன்னு கேளு. கேளேன். எம் மவன் மேல. ஆமா, நல்லாத்தான் காதுல விழுந்திருக்கு உனக்கு. லிகோரின்னு பேரு. நான் பெத்த ஒத்த மவன். அவன் மேலதான் மனு.

ஏன்னு கேக்கியா? சொல்லுதேன். டவுன் போறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. சவம் இந்த பஸ்ஸு மாட்டு வண்டி கணக்கால்லா போவுது.

எனக்கு ஊரு சங்குமுனை. கேள்விப்பட்டிருப்பியே, கப்பல் ஒடைக்கிற ஊரு. சீமையில எல்லாம் ஓடி ஓடிக் கெழடு தட்டின கப்பலை, கடலு நல்லா ஏறி நிக்கிற நேரமாப் பாத்து, ஒரே ஓட்டா ஓட்டியாந்து எங்க மணல்ல ஏத்திப்புடுவாவ. அது அப்படியே பனைமரம் ஒசரத்துக்கு நிக்கும். பொறவு கேஸுத் தீயை வச்சு அறுத்து அறுத்து எடுப்பாவ. இரும்பெல்லாம் உருக்குற ஆலைக்குப் போயிரும். மத்தது எல்லாம் எங்களுக்கு. எங்களுக்குன்னா எனக்கு. இஞ்ஞாசியம்மா கப்பல் சாமான் கடைன்னா இந்தக் கரை பூரா தெரியும். கதவு, கட்டிலு, மெத்தை, பீங்கான் தட்டு, எது வேணும்னாலும் எங்கிட்டதான் வரணும்.

அது எப்படி வாங்குவோம்னா, ரூம் ஏலம். கப்பலை அறுக்கதுக்கு முன்னால, உள்ள இருக்க ரூமை எல்லாம் கதவு சாத்தினபடியே ஏலம் போடுவாரு முதலாளி. உள்ள என்ன இருக்குன்னு பாக்கக் கூடாது. கேட்டு எடுத்தியா, உள்ள இருக்கது எல்லாம் உனக்கு. செவத்துல அடிச்சிருக்க பலகை முதக்கொண்டு உனக்கு. நான் கதவு இடுக்குல மூக்கை வச்சுச் சொல்லிருவேன், இது கேப்டன் ரூமு, இது சமையக்காரன் ரூமுன்னு. எங்க பக்கத்து வீட்டுக்காரி குருசம்மா இருக்காளே, அவளுக்கு என்னைக் கண்டா வயித்தெரிச்சலு. நான் ஒரு ரூமை மோந்துட்டுச் சும்மா தலைய ஆட்டினேன், ஆகா, இது கேப்டன் ரூமுதான்னு அவ ஏலத்தை ஏத்தி ஏத்தி எடுத்துட்டா. தொறந்து பாத்தா ஒரு குளிக்கிற தொட்டி! தொட்டி மட்டுந்தான்! இன்னைக்கும் அதுலதான் மீனுக்கு உப்புப் போட்டு ஊற வைக்கா. கேப்டன் குளிச்ச தொட்டின்னு வாறவன் போறவன்கிட்ட எல்லாம் பெருமை வேற.

எதுக்கு இதைச் சொன்னேன்? ஆங், பலகை.

இந்தா, பையைத் தொறக்கேன், பாரு. கப்பல் ரூமு செவத்துல அடிச்சிருக்க பலகை. நாங்க தீப்பலகைன்னு சொல்லுவோம். மரம் கெடையாது. நல்லாத் தொட்டுப் பாரு. சாம்பக் கலரு, மாவு மாதிரி மெத்துன்னு இருக்கா? இதைத் தூக்கி அடுப்புக்குள்ள போடு, எரியாது. கருக்கக் கூட செய்யாது. கப்பல்ல தீப்பிடிச்சா ஒரு ரூமுல இருந்து அடுத்த ரூமுக்குப் போயிரக் கூடாதுல்லா, அதுக்காக வெள்ளைக்காரன் யோசிச்சு வச்சது. தீக்குச்சி கூட இடுப்புல சொருகி வச்சிருக்கேன். கலெக்டர் மேசையில இதை வச்சு, அவரு கண்ணு முன்னாலயே கொளுத்திக் காட்டப் போறேன். எரியுதா பாருங்க ஐயா, இதுவா விசம்னு கேக்கப் போறேன்.

ஆமா. விசமாம். எம் மவன் சொல்லுதான்.

அவனுக்கு இந்தப் பலகை யாருன்னு தெரியாது தாயி. அவன் கைப்பிள்ளையா இருக்கையில ஒரு ஆடி மாசம். காத்துன்னா காத்து, மண்ணை வாரி மூஞ்சியில அடிக்கி. மத்தியானம் ஒரு பெரிய கப்பலு ஏறுது, ஊரே கரையில நிக்கி. இந்தக் குருசம்மா அடுப்புல கருவாட்டைச் சுட்டுக்கிட்டு இருந்தவ, அப்படியே போட்டுட்டுக் கப்பல் பாக்க ஓடிட்டா. அப்ப எல்லாம் ஓலை வீடுதான. ஒரு பொறி பறந்துச்சு, ஒரு தெரு பூராவும் போச்சு. பொறுப்பு வேண்டாமா ஒரு பொம்பளைக்கு? நானும் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வருவோம்னுதான் போயிருந்தேன். பிள்ளை வீட்டுல தொட்டில்ல தூங்குதான். கரையில நின்னு திரும்பிப் பாத்தா எங்க தெரு செவசெவன்னு நிக்கி. நான் மணல்ல விழுந்து எந்திரிச்சு ஓடுதேன், என்னை நாலு பேரு பிடிச்சு இழுக்கான். அணைஞ்ச பொறவு போய்ப் பாத்தா வீடே இல்ல. கூரை இல்ல, கதவு இல்ல. அடுப்படி மட்டும் பெட்டி மாதிரி நிக்கி. எங்க வீட்டுக்காரரு நாலு பக்கமும், மேலயும் இந்தப் பலகைய அடிச்சு வச்சிருந்தாரு. உள்ள தொட்டிலு. உள்ள எம் பிள்ளை, வேர்த்து விறுவிறுத்துப் போயி, விரலைச் சூப்பிக்கிட்டு இருக்கான்.

மாதாதான் காப்பாத்துனான்னு பங்குச்சாமி பிரசங்கத்துல சொன்னாரு. மாதாவும் காப்பாத்துனா. பலகையும் காப்பாத்துச்சு.

அன்னையில இருந்து எங்க ஊருல ஒரு வழக்கம் வந்துட்டு. பொண்ணு கட்டிக் குடுக்கையில நகை முன்ன பின்ன இருக்கலாம், தீப்பலகை இல்லாம முடியாது. அடுப்படிக்கு நாலு செவருக்கும் பலகை பொண்ணு வீட்டுச் சீதனம். பலகை வரலைன்னு ஒரு நிச்சயமே நின்னு போயிருக்கு எங்க ஊருல. எல்லாம் எங்க வீட்டுக்காரரு கையால அறுத்தது. தொம்மை ஆசாரின்னு சொல்லுவாவ அவரை. சாதிக்கு ஆசாரி இல்ல, கைவேலைக்கு ஆசாரி. ரம்பத்தை வச்சு அறுத்து, உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிருவாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாருன்னா மாவு மில்லுக்காரன் கெட்டாரு! புருவம், மீசை, காது மடலு எல்லாம் வெள்ளை. லிகோரிப் பய அவரு முதுகுல விரலால ஆனா ஆவன்னா எழுதுவான். நான் அந்தச் சட்டைய வாசல்ல நின்னு ஒதறுவேன் பாரு, தெருவே பனி பெய்ஞ்ச மாதிரி இருக்கும்.

ஏன் மூக்கைப் பொத்துதே? தூசி பட்டுட்டா? இரு, முந்தானையால தட்டி விடுதேன். இந்தா, போயிட்டு. இந்த ஓரம் கொஞ்சம் உதிருது, அவ்வளவுதான். பழைய பலகைல்லா.

எங்க விட்டேன்? ஆமா, நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு பொழப்பு. திடீர்னு கப்பலு வரத்து நின்னு போச்சு. கரை வெறிச்சுன்னு கெடக்கு. நாய் படுத்துக் கெடக்கு. எங்க யார்டு முதலாளி ஞானசிகாமணி, தங்கமான மனுசன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அவரு வந்து சொல்லுதாரு, ஒலகத்துக்கே புதுச் சட்டம் வந்துட்டு ஆச்சி, இனிமே கப்பலை வெறும் மணல்ல போட்டு ஒடைக்கக் கூடாதாம். தளம் போடணுமாம், கிரேன் வைக்கணுமாம். ஒவ்வொரு கப்பலும் தன் ஒடம்புக்குள்ள எங்கெங்க என்ன விசம் இருக்குன்னு எழுதி எடுத்துக்கிட்டுத்தான் வரணுமாம். அதை எல்லாம் முறையா எடுக்கத் தெரிஞ்ச யார்டுக்குத்தான் சர்டிபிகேட்டாம். சர்டிபிகேட் இல்லாத கரைக்குச் சீமைக் கம்பெனிக்காரன் கப்பலைத் தர மாட்டானாம்.

நான் சிரிச்சேன். சாகப் போற கப்பலுக்கு என்னத்துக்கு முதலாளி சாதகம்னு கேட்டேன்.

எம் மவன் அப்ப வடக்க ஒரு கப்பல் கட்டுற யார்டுல வெல்டரு. இங்கன ஒடைப்பு, அவனுக்கு அங்கன கட்டுறது. எங்க வீட்டுல ரெண்டும் உண்டு. ஆனா அவனுக்கும் வேலை இல்ல அப்ப. புதுக் கப்பலு கட்டச் சொல்லி ஒருத்தனும் வரல. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. இவன் அங்கன ஆட்டோ ஓட்டிக்கிட்டுக் கெடந்தான். நம்ம நாட்டுச் சரக்கை எல்லாம் அடுத்த நாட்டுக்காரன் கப்பல்தான் தூக்குதாம், நமக்குன்னு கப்பலே காணாதாம், வாடகை பூரா வெளிய போவுதாம். இதெல்லாம் அவன் போன்ல சொல்லுவான். எனக்கு என்னத்த விளங்கும், ஊம் ஊம்னு கேட்டுக்கிடுவேன்.

ஒரு நாள் போன்ல சத்தம் போட்டுச் சிரிக்கான். “எம்மா, நல்ல காலம் வந்துட்டு. பழைய கப்பலைச் சர்டிபிகேட் உள்ள நம்ம நாட்டு யார்டுல குடுத்து ஒடைச்சா, அது போன வெலையில ஒரு பங்குக்குக் கவர்மெண்டு சீட்டு குடுக்காம். அந்தச் சீட்டைக் கொண்டாந்து எங்களை மாதிரி கட்டுற யார்டுல குடுத்தா, புதுக் கப்பலு வெலையில கழிச்சுக்கிடலாம். ஒரு கம்பெனிக்காரன் எங்ககிட்ட வந்துட்டான்மா. அவனோட கெழட்டுக் கப்பலு நம்ம சங்குமுனைக்குத்தான் வரப் போவுது.”

“அப்ப இங்கன ஒண்ணு செத்தா அங்கன ஒண்ணு பொறக்குமாலே?”

“அப்படித்தாம்மா. ஆனா இங்கன சுத்தமாச் சாகணும். ஞானசிகாமணிக்குச் சர்டிபிகேட் கெடைச்சாத்தான் எங்களுக்கு வேலை.”

எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. தெரு பூரா சர்க்கரை குடுத்தேன். குருசம்மாவுக்கும் குடுத்தேன். சட்டம் நல்ல சட்டம்டீ, எம் மவனுக்கு வேலை குடுத்த சட்டம்னு சொன்னேன். அவ சர்க்கரையை வாயில போட்டுக்கிட்டு, “ஓம் மவனுக்கு நல்ல சட்டம், உனக்கு நல்ல சட்டமான்னு போகப் போகப் பாரு”ன்னா. கரிநாக்கு.

பொறவு முதலாளி தளம் போட்டாரு. கிரேன் வந்துச்சு. வேலைக்காரப் பயலுவளுக்குத் தலையில தொப்பி, கால்ல பூட்சு. எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நடக்கானுவ. அதிகாரிமாரு யார்டைப் பாக்க வாறாவன்னு சொன்னதும், முதலாளி ஒரு நாள் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு உள்ள வந்து, எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சாரு தாயி. அவ்வளவு பெரிய மனுசன்.

“ஆச்சி, யார்டு பின்னால பழைய கப்பல்ல கழத்தின தீப்பலகை மலையாக் குவிஞ்சு கெடக்கு. முறைப்படி அதைக் குழி தோண்டிப் பொதைக்கணுமாம், அதுக்குன்னு தனி எடம் இருக்காம், அங்க அனுப்பணுமாம். செலவு கட்டுப்படியாகாது. உங்க குடோன்ல போட்டு மூடி வைங்க. சர்டிபிகேட் வந்த பொறவு அம்புட்டும் உங்களுக்கே.”

நான் கொஞ்சம் யோசிச்சேன். பொய் சொல்லக் கூடாதுல்லா. எம் மொகத்தைப் பாத்துட்டு அவரு மெதுவாச் சொன்னாரு: “இந்தப் பலகை அதிகாரி கண்ணுல பட்டா சர்டிபிகேட் போச்சு. சர்டிபிகேட் போச்சுன்னா லிகோரி தம்பி யார்டுக்கு அந்தக் கப்பலும் போச்சு.”

கேட்டியா? அதுக்குப் பொறவு நான் யோசிப்பேனா? எம் மவன் ஆட்டோ ஓட்டுததை நான் இன்னொரு வாட்டி பாக்கணுமா? டிராக்டர் டிராக்டரா வந்து எறங்குச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும்தான் அடுக்கினோம். பாதி நொறுங்கிப் போய்க் கெடந்துச்சு, அதை எல்லாம் கூட்டிச் சாக்குல கட்டினோம். அவருக்கு அப்பவே மூச்சு வாங்கும். பத்தடி நடந்தா நிப்பாரு. நெஞ்சுக்குள்ள பூனை கத்துத மாதிரி ஒரு சத்தம். வயசாகுதுல்லா. நான் தூதுவளை ரசம் வச்சுக் குடுப்பேன்.

யாருக்காக மறைச்சேன்? சொல்லு தாயி. யாருக்காக?

கோயில் கொடியேத்தத்துக்கு லிகோரி வந்தான். வந்தவன் அப்பாவைப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டான். “என்னம்மா, அப்பா இப்படி உருகிப் போயிருக்காரு?” “கெழவனாயாச்சுல்லா, பின்ன கொமரனாவா இருப்பாரு”ன்னேன். அவன் சிரிக்கல. அவரு முதுகுல காதை வச்சுக் கேக்கான். பெரிய டாக்டரு மாதிரி. பொறவு எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறான், நான் போகாதலே போகாதலேன்னு பொறத்தாலயே ஓடுதேன், குடோன் கதவைத் தொறந்துட்டான்.

அப்படியே நின்னான் தாயி. உள்ள போகல. சட்டையத் தூக்கி மூக்கைப் பொத்திக்கிட்டான். பெத்த தாயோட குடோனைப் பாத்து மூக்கைப் பொத்துதான்.

“எம்மா, இது ஆஸ்பெஸ்டாஸு. இதுல இருந்து வாற தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. முள்ளு மாதிரி குத்தி நின்னுக்கிடும். வருசக்கணக்காகி நெஞ்சு கல்லாயிரும். எங்க யார்டுல புதுக் கப்பல்ல இதைத் தொடவே விட மாட்டாங்க. அப்பா நெஞ்சுல இருக்கது இதுதாம்மா.”

“ஆஸ்பெஸ்டாஸ்னா கூரையில போடுதோமே, அந்தச் சீட்டா? ஊரே அதுக்கு அடியிலதானலே தூங்குது.”

“அது கெட்டியா இருக்கு. இது உதிருதும்மா. அதைத்தான அப்பா அறுத்தாரு.”

“எலே, உன் உசுரைக் காப்பாத்துன பலகைலே அது!”

“தெரியும். அதுக்காக அப்பா உசுரைக் குடுத்துருவியா?”

இப்படியா ஒரு பிள்ளை கேப்பான்? இத்தனை வருசமா அறுத்திருக்காரு, ஒண்ணும் ஆகல. எங்க ஊருல பலகையால யாரு செத்தா, சொல்லட்டும். சவுரிமுத்து செத்தது காச நோயி. அவந்தம்பி செத்ததும் காச நோயி, அது ஒட்டிக்கிடும்லா. குருசம்மா புருசன் இருமி இருமியே போனான், அது பீடி. எங்க வீட்டுக்காரரு பீடி தொட மாட்டாரு, ஆனா அவன் பக்கத்துல ஒக்காந்து சீட்டு வெளையாடுவாருல்லா. பொகை போயிருக்கும்.

நான் அவன் காலைப் பிடிக்காத கொறைதான். லிகோரி, இது வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிரும்லேன்னேன். நீ நெனைப்பே, சரி, மவன் கொஞ்சம் தயங்கியிருப்பான்னு. தயங்கலையே! “போனாப் போட்டும்”னான். அங்கனயே நின்னு அதிகாரிக்குப் போன் போட்டான். எம் பேரைச் சொல்லுதான். எங்க வீட்டு அடையாளம் சொல்லுதான், கோயிலுக்குப் பொறத்தால ரெண்டாவது வீடுன்னு. எனக்கு வழி சொல்லிக் குடுத்த மாதிரி அவ்வளவு பொறுமையா.

மறுநாளே வந்துட்டாவ. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளைச் சட்டை, மூஞ்சியில மொகமூடி, சந்திரனுக்குப் போறவன் மாதிரி. தண்ணியை அடிச்சு அடிச்சுப் பலகையை நனைச்சு, பொணத்தைச் சுத்துத மாதிரி பிளாஸ்டிக்ல சுத்தி லாரியில ஏத்தினாவ. குடோனுக்குச் சீலு வச்சாவ. அதோட நிக்கல. எங்க அடுப்படிச் செவரு, தீயில நின்ன அந்தச் செவரு, அதையும் கழத்திட்டாவ. ஊருல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி எழுதுதாவ. எந்தெந்தப் பொண்ணுக்கு நான் சீதனப் பலகை குடுத்தேனோ அவ எல்லாம் வாசல்ல நின்னு என்னைப் பாக்காளுவ. ஒருத்தியும் வாய் தொறந்து ஏசல. ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

நான் முதலாளிகிட்ட ஓடினேன். அவரு அதிகாரிமாரு கூட நிக்காரு. “முதலாளி, நீங்கதான போடச் சொன்னிய, சொல்லுங்க”ன்னேன். என் மொகத்தையே பாக்கல. “இந்தம்மா கடைக்காரம்மா. ஏலத்துல எடுத்துட்டுப் போனது. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல”ங்காரு. எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்ச வாயி!

அவருக்குச் சர்டிபிகேட் கெடைச்சிட்டு. பாத்துக்கோ. அந்தக் கம்பெனிக்காரன் கப்பலும் போன வாரம் வந்து ஏறிட்டு. எம் மவன் யார்டுல புதுசு கட்ட ஆரம்பிச்சாச்சாம். ஆளாளுக்குக் கெடைச்சிட்டு. நான் பழக்கதோசத்துல கரைக்குப் போனேன். இப்ப வேலியும் கேட்டும் வந்துட்டு. வாட்ச்மேன் புதுப் பய, “பாட்டி, கார்டு இருக்கா?”ங்கான். தொறந்த கரையில மோந்து பாத்து ஏலம் எடுத்தவ நான். எங்கிட்ட கார்டு கேக்கான். ரூம் ஏலமும் இனிமே கெடையாதாம். பலகையைக் கூடாரம் கட்டித் தனியா எடுக்காவளாம்.

என்னய்யா கண்டக்டரு, என்ன பாக்கிய? பையிலயா? சும்மா ஒரு துண்டுப் பலகை. இதுக்கு என்னத்துக்கு லக்கேஜு? பிள்ளையைத் தூக்கி மடியில வச்சா டிக்கெட் கேப்பியளா? போங்க, போங்க.

இது ஒண்ணுதான் தாயி தப்பிச்சது. அவனுவ அடுப்படியைக் கழத்தையில, தொட்டில் கெடந்த பக்கத்துப் பலகையில ஒரு துண்டு ஒடைஞ்சு விழுந்துச்சு. சேலைக்குள்ள வச்சு ஒளிச்சுட்டேன். ராத்திரியில தலமாட்டுல வச்சுத்தான் படுக்கேன்.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். முதலாளி ஊரான். மவன், சரி, யாரோ மூளையைக் கெடுத்துட்டாவ. ஆனா அவரு செஞ்சதுதான்…

இரு, கொஞ்சம் இருமிக்கிடுதேன். தண்ணி இருக்கா? குடு. மகராசியா இரு.

எங்க வீட்டுக்காரரு. லிகோரி காரு கொண்டாந்து, “வாங்கப்பா, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்”னான். நான் வாசல்ல குறுக்க நின்னேன். போகாதிய, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, ரசம் வச்சிருக்கேன், குடிச்சாச் சரியாயிரும்னேன். அவரு என்னைப் பாத்தாரு. கட்டின நாள்ல இருந்து என் பேச்சைத் தட்டினவரு இல்ல. லிகோரி ஒரு மொகமூடியை நீட்டுதான். இவரு வாங்குனாரு. வாங்கி, எங்க வீட்டுக்குள்ள நின்னே அதை மாட்டிக்கிட்டாரு தாயி. எங்க வீட்டுக்குள்ள. எம் முன்னால. கண்ணு மட்டுந்தான் தெரியுது. மவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா மெதுவா நடந்து, போயி ஏறிக்கிட்டாரு.

அப்ப அவரும் நம்பிட்டாருன்னுதான அர்த்தம்?

நான் இதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகல. மவன் தெனமும் போன் போடுதான், அங்க வராந்தாவுலதான் படுத்துக் கெடக்கானாம், வேலைக்குக் கூடப் போகலையாம். “அப்பா ஒன்னைக் கேக்காரும்மா. நீயும் வந்து ஒரு நெஞ்சுப் படம் எடுத்துக்கோ. நீயும் இருமுதேன்னு குருசம்மா சொன்னா”ங்கான். குருசம்மாவுக்கு என் இருமல்ல என்ன சோலி? நான் எடுக்க மாட்டேன்னுட்டேன். அவரு தேடுதாராம்ல. தேடுதவரு மொகமூடி மாட்டுவாரா?

அது என்னதுன்னு கேக்கியா? தூக்குவாளி. நெத்திலிக் கொழம்பு. அவருக்குன்னு வைக்கல. கை தன்னால வச்சிருச்சு. ஆஸ்பத்திரிச் சோத்துல உப்பு இருக்காது, அவருக்கு எறங்காது.

என்ன கத்துதான் கண்டக்டரு? பெரியாஸ்பத்திரியா? அதுக்குள்ளயா?

…இரு. கொஞ்சம் வழி விடு தாயி. கலெக்டரு எங்க போயிரப் போறாரு. அடுத்த திங்கக்கெழமையும் இருப்பாரு. நான் யோசிச்சுப் பாத்தேன், கலெக்டருக்குப் பலகையைப் பத்தி என்ன தெரியும்? முதலாளிக்கு என்ன தெரியும்? லிகோரி வெல்டரு, அவனுக்கு இரும்புதான் தெரியும். பலகையை அறுத்த கை ஒண்ணுதான். அவரு வாயால சொல்லட்டும். இஞ்ஞாசி, இது விசந்தான்னு அவரு எம் மொகத்தைப் பாத்துச் சொன்னாருன்னா, அதோட விட்டுருதேன்.

ஏ கண்டக்டரே, நில்லும்வே, எறங்கணும்!

என்ன தாயி, பையை ஏன் பிடிச்சு இழுக்கே? விடு. விடுன்னா! அழுதியா என்ன? கண்ணுல தூசி பட்டிருக்கும், முந்தானையால தொடச்சுக்கோ. இதை நான் இங்க வச்சுட்டுப் போக முடியாது. அவரு கையில குடுக்கணும். அந்த மொகமூடியை முதல்ல கழத்தச் சொல்லுவேன். பொறவு இதை அவரு நெஞ்சு மேல வைப்பேன். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் அவருக்குத் தெரிஞ்சிரும், இது நம்ம வீட்டுச் செவருன்னு.